புட் ஆஃப்: தள்ளிப்போடுவது மட்டும்தானா?

தம்பி, ஆங்கிலத்தில் கூட்டத்தை 'புட் ஆஃப்' (put off) செய்தால் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று புரிகிறது. ஆனால் மேலாளர் சிடுசிடுத்தபோது பக்கத்து இருக்கைக்காரர் உங்களிடம் 'டோன்ட் பி புட் ஆஃப்' என்றாரே, உங்களை யார் தள்ளிவைக்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆங்கிலம் பேசும் இடத்துக்கு வந்த புதிதில் நம்மைத் திணறடிப்பவை பெரிய சொற்கள் அல்ல, இப்படிப்பட்ட குட்டிச் சொற்களின் கூட்டுதான்.

அர்த்தங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். புட் ஆஃப் ஆவது காரியமா, ஆளா என்று முதலில் பாருங்கள். கூட்டம், பயணம், வேலை என்றால் பெரும்பாலும் ஒத்திப்போடுவதுதான். நாள் மாறுகிறதே தவிர, காரியம் கைவிடப்படவில்லை. அடியோடு ரத்து என்றால் 'கால் ஆஃப்' என்பார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் வீண் அலைச்சல்.

ஆள் என்று வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. அந்த நண்பர் சொன்னது, "அவர் கடுகடுப்பைப் பார்த்து மனம் தளர்ந்துவிடாதீர்கள்" என்பதைத்தான். உங்கள் மீது அக்கறையோடு சொல்லியிருக்கிறார். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப் மை ஃபுட்' என்று ஒருவர் சொன்னால், அந்த நாற்றத்தில் அவருக்குச் சாப்பாடே வெறுத்துவிட்டது. கார் ஓட்டுபவர் 'டோன்ட் புட் மீ ஆஃப்' என்றால், பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைக்காதே என்கிறார். பணம் தர வேண்டியவர் சாக்குப்போக்குச் சொல்லி இழுத்தடித்தால் அவரும் உங்களை புட் ஆஃப் செய்கிறார். ஆசையிலிருந்தோ கவனத்திலிருந்தோ கேட்டதிலிருந்தோ ஆளை விலக்குவதுதான் எல்லாவற்றிலும் நடக்கிறது. அந்த விலகல் 'ஆஃப்' தருவது.

இதிலிருந்து பிறந்த 'ஆஃப் புட்டிங்' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்பீர்கள். சொற்கள் இடம் மாறி நிற்கும். அருகே போகவே தயங்க வைப்பது என்று பொருள். ஒருவருடைய பேச்சைப் பற்றி அப்படிச் சொன்னால் அது பாராட்டு இல்லை.

நீங்களே பேசும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். 'இட்', 'ஹிம்' போன்றவை நடுவில்தான் வரும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்றால் உடனே காதில் உறுத்தும். பின்னால் ஒரு செயல் வந்தால் 'புட் ஆஃப் கோயிங்' என்றே சொல்லுங்கள், 'டு கோ' வராது. பேச்சிலும் நண்பர்களுக்கு எழுதும் மின்னஞ்சலிலும் இது இயல்பாகப் பொருந்தும். அலுவலகக் கடிதத்துக்கு 'போஸ்ட்போன்' என்று எழுதுவதே பாந்தம்.