பழைய ராணுவ டீசல் லாரி: மைலேஜ், ஹைவே வேகம் – கேள்வி பதில்

பழைய ராணுவ லாரி வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். பாதிக்கு மேல் அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் வண்டியான எம்35ஏ2 பற்றியே வந்திருப்பதால் அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். கணக்கு போடும் முறை மற்ற வண்டிகளுக்கும் இதுவேதான்.

கேள்வி: எம்35ஏ2 உண்மையில் லிட்டருக்கு எவ்வளவு தரும்? விற்றவர் நாலரை என்றார், எனக்கு மூன்றரையைத் தாண்டவே இல்லை. இன்ஜினில் கோளாறா?

இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்று பாருங்கள். காலி வண்டி, சமதரை, மணிக்கு 70 முதல் 75 கி.மீ. என்றால் நான்கு, நாலரை கிடைப்பது இயல்பு. அதே வண்டியில் பின்னால் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு 88, 90-இல் விரட்டினால் மூன்றரைக்கு இறங்கிவிடும், நகருக்குள் நின்று நின்று போனால் இன்னும் குறையும். வண்டி காலியாகவே சுமார் 6 டன், முகம் செங்குத்தான சுவர், தார்ப்பாய் வேறு காற்றில் படபடக்கிறது. டயர் உருளும்போது வரும் தடை வேகத்தோடு பெரிதாக மாறாது, ஆனால் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தி முப்படியில் ஏறும். 70-இலிருந்து 90-க்குப் போனால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். அந்தச் சக்தி டீசலிலிருந்துதான் வர வேண்டும். அதனால் முதலில் ஒரு டேங்க் முழுக்க 72-ஐத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மூன்றரை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, டயரில் காற்று குறைவா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று அந்த வரிசையில் போங்கள். ஓடி நிறுத்தியதும் ஆறு சக்கரத்தின் பிரேக் டிரம்மையும் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் போதும், பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் தனியாகக் கொதிக்கும்.

கேள்வி: 7.8 லிட்டர் டர்போ இன்ஜின் இருந்தும் 90-க்கு மேல் போக மறுப்பது ஏன்?

கியர்தான் காரணம். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் 2,600 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு 2,600 சுற்று) நிறுத்திவிடும். ஆக்சில் ரேஷியோ 6.72, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆறே முக்கால் சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினை விட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர் என்பதால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்த வண்டிக்கு வழக்கமான 9.00-20 அளவு டயரோடு இதைப் பெருக்கிப் பார்த்தால் 2,600-க்கு 90-ஐ ஒட்டித்தான் வரும். சேற்றிலும் மலையிலும் பாரத்தை இழுக்கச் செய்த வண்டி இது, ஹைவே வேகத்தை யாரும் குறிவைக்கவில்லை.

134 குதிரைசக்தியும் அதிகமில்லை. 90-இல் ஓடும்போது அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கும், மீதியை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஏற்றம் வந்தால் உடனே கியர் இறக்க வேண்டியதுதான்.

கேள்வி: அண்ணா, 11.00-20 டயர் போட்டால் வேகமும் மைலேஜும் சேர்ந்து கூடுமா?

வேகம் கூடும். அந்த டயரின் உயரம் சுமார் 7 சதவீதம் அதிகம், அதனால் 80-இல் 2,270 சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் 2,110-க்கு வரும், சத்தம் குறையும், காதுக்கே தெரியும். மைலேஜ் கொஞ்சம் கூடலாம், ஆனால் பலர் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை, காற்றுத் தடை அப்படியேதானே இருக்கிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெரிய டயர் போட்டதும் ஓடோமீட்டர் உண்மையை விடக் குறைவாகக் காட்டும், அதைத் திருத்தாமல் கணக்குப் போட்டு "டயர் மாற்றியும் மைலேஜ் குறைந்துவிட்டது" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. ஸ்பீடோமீட்டரும் அப்படித்தான், 80 என்று காட்டும்போது நீங்கள் 85-ஐத் தாண்டியிருப்பீர்கள்.

பழைய ராணுவ நைலான் டயரிலிருந்து நல்ல ரேடியலுக்கு மாறினால் அதில் உருளும் தடை நிஜமாகவே குறையும். டயருக்குச் செலவு செய்வதாக இருந்தால் உயரத்துக்கு முன்னால் இதற்குச் செய்யுங்கள்.

கேள்வி: டயர் மாற்றி, கூடுதல் டீசல் போகும்படி இன்ஜெக்ஷன் பம்பையும் கூட்டி வைத்து 100-இல் போகிறேன், வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

எம்35ஏ2-வின் பிரேக், காற்றால் உந்தப்படும் ஹைட்ராலிக் பிரேக், அதுவும் ஒரே சர்க்யூட். இன்றைய வண்டிகளில் ஒரு பக்கம் குழாய் போனால் மறுபக்கம் பிடிக்கும். இதில் ஏதாவது ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகினாலும், ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தாலும், ஆறு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போய்விடும். அந்த ஹோஸ்களுக்கு வயது என்ன? பல வண்டிகளில் முப்பது, நாற்பது வருடம். நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 70-இல் பிரேக் பிடித்தபின் நிற்க எவ்வளவு தூரம் வேண்டுமோ, 100-இல் அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும், டிரம் சூடேறிவிட்டால் அதற்கும் மேல். டயர் உயரமானதால் அதே டிரம் இன்னும் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது, அதுவும் உங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது.

இது பழைய மாடலுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. அடுத்த தலைமுறை ஐந்து டன் எம்939 வரிசையில், அவசரமாக பிரேக் அடித்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்று கவிழ்ந்த விபத்துகள் நடந்ததால், 1990களின் இறுதியில் அமெரிக்க ராணுவமே அவற்றுக்கு மணிக்கு 40 மைல், அதாவது 64 கி.மீ. என்று வேக வரம்பு போட்டது. பிறகுதான் ஏபிஎஸ் பொருத்த ஆரம்பித்தார்கள். பயிற்சி பெற்ற ஓட்டுநர்களுக்கே அந்த நிலை என்றால் நாம் 100-இல் போவது சரியில்லை. நீங்கள் மட்டும் சாலையில் இல்லை, முன்னால் ஒரு சின்னக் காரில் ஒரு குடும்பம் போய்க்கொண்டிருக்கும். முதலில் ஹோஸ், சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் புதுசாக்குங்கள், அதற்குப் பிறகும் 80-க்குள் ஓட்டுங்கள்.

டயரின் பக்கச் சுவரையும் பாருங்கள். 2000-க்குப் பிறகு வந்த டயரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் டயர் தயாரான வாரமும் வருடமும். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர், ட்ரெட் எவ்வளவு புதுசாகத் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பம்பைக் கூட்டி வைத்தால் மைலேஜ் குறையுமா?

ஒரே வேகத்தில் ஓடும்போது கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் அந்த வேகத்துக்கு வேண்டிய சக்தி மாறவில்லை. ஏற்றத்தில் காலை முழுக்க அழுத்தினால் கூடுதல் டீசல் போகும், கூடவே புகைச்சூடும் ஏறும். டர்போவுக்கு முன்னால் அந்தச் சூட்டை அளக்கும் பைரோமீட்டர் பொருத்தாமல் பம்பில் கை வைக்காதீர்கள். 650 டிகிரி செல்சியஸை நெருங்கினால் காலை எடுக்க வேண்டும். நீண்ட ஏற்றம் ஏறிவிட்டு உடனே இன்ஜினை அணைப்பதும் வேண்டாம், மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போவை ஆற விடுங்கள்.

கேள்வி: மல்டிஃபியூயல் இன்ஜின்தானே, பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து ஓட்டினால் செலவு மிச்சம் இல்லையா சார்?

எம்35ஏ2-இல் இருக்கும் எல்டிடி465 இன்ஜின், ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனம் உருவாக்கிய எரிப்பு முறையில் வேலை செய்வது. பிஸ்டனுக்குள் உருண்டையான குழி, அதன் சுவரில் எரிபொருளைப் படரவிட்டு மெதுவாக ஆவியாக்கி எரிப்பார்கள், அழுத்த விகிதம் 22-க்கு 1. அதனால்தான் மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், நெருக்கடியில் பெட்ரோல் வரை விழுங்குகிறது. ஆனால் அது போர்க்களத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு ஓட்டுவதற்கான வசதி. பெட்ரோலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் டீசலை விடப் பத்து சதவீதம் குறைவு, பம்புக்கு வழுவழுப்பும் கிடையாது. கழிவு ஆயிலில் இரும்புத்தூள், கரி, தண்ணீர், சில சமயம் கூலன்ட் எல்லாம் இருக்கும். வடிகட்டாமல் ஊற்றினால் ஃபில்டரில் ஆரம்பித்து இன்ஜெக்ஷன் பம்ப் வரை போய் நிற்கும், அந்தப் பம்பைச் சரிசெய்யும் ஆட்கள் இப்போது குறைவு. என் வண்டியில் நான் ஊற்ற மாட்டேன்.

கேள்வி: முன் ஆக்சிலுக்கு ஃப்ரீ வீல் ஹப் போட்டால்?

ஸ்டியரிங் லேசாகும், முன் டிஃபரன்ஷியல் வீணாகச் சுற்றாது. மைலேஜில் தெரியும் அளவுக்கு இருக்காது.

கேள்வி: ஐந்து டன் எம்809 வாங்கலாமா? ஹைவேக்கு அது தேவலையா?

இன்ஜின் அருமை, 14 லிட்டர் கம்மின்ஸ் என்எச்சி-250, 240 குதிரைசக்தி. ஏற்றத்தில் எம்35 மாதிரித் திணறாது. ஆனால் டாப் வேகம் எம்35-ஐ விடக் குறைவுதான், 85 கி.மீ. அளவில். லிட்டருக்கு இரண்டு, இரண்டரைக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பாரம் இழுக்கும் வேலை உங்களிடம் இருந்தால் வாங்குங்கள், வெறுமனே ஊர் சுற்ற என்றால் வேண்டாம்.

கேள்வி: எம்1008 பிக்கப், எம்1009 ஜீப் வகை, இரண்டிலும் ஒரே 6.2 லிட்டர் டீசல் இன்ஜின்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம் சொல்கிறார்கள்?

கியர் எவ்வளவு முக்கியம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதே இன்ஜின், ஓவர்டிரைவ் இல்லாத அதே மூன்று கியர் ஆட்டோமேட்டிக். எம்1008-இல் ஆக்சில் ரேஷியோ 4.56, எம்1009-இல் 3.08. மணிக்கு 88 கி.மீ. போகும்போது முதலாவது 2,700-ஐத் தாண்டி அலறிக்கொண்டிருக்கும், இரண்டாவது 1,900-ஐ ஒட்டி நிதானமாக ஓடும். எம்1009 எடை குறைந்த வண்டியும்கூட. நீண்ட தூரப் பயணம் என்றால் இந்த வரிசையில் என் ஓட்டு எம்1009-க்குத்தான்.

கேள்வி: மைலேஜைச் சரியாக அளப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வருகிறது.

எம்35-இன் டேங்க் சுமார் 190 லிட்டர். 25 லிட்டர் ஊற்றிவிட்டு அளந்தால் நிரப்பும் மட்டத்தில் ஐந்து லிட்டர் மாறினாலே கணக்கு இருபது சதவீதம் தவறிவிடும். 150 லிட்டர் செலவாகும் வரை ஓட்டிவிட்டு, அதே சமதரையில் வண்டியை நிறுத்தி, அதே மட்டம் வரை நிரப்புங்கள். தூரத்தை ஜிபிஎஸ்-இல் எடுங்கள். போகும்போது மட்டும் அளக்காமல் திரும்பும் வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எதிர்க்காற்று இந்த வண்டிகளைப் படாதபாடு படுத்தும்.

கேள்வி: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்றிவிட்டால் டீசலில் போட்ட காசை எடுத்துவிடலாமா?

நான்கு தந்த வண்டி நாலரை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ.-க்கு 25 லிட்டர் போன இடத்தில் 22 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும். 10,000 கி.மீ. ஓட்டினால் 280 லிட்டர் அளவுக்கு மிச்சம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வண்டியை வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓட்டுகிறவர்களே குறைவு. இருக்கும் இன்ஜின் உடைந்துபோய், மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். மைலேஜுக்காக மட்டும் என்றால் தார்ப்பாயையும் அதன் வளைவுக் கம்பிகளையும் கழற்றி வைத்துவிட்டு 72-இல் ஓட்டுங்கள், அந்த அரைக் கிலோமீட்டர் செலவில்லாமலேயே வந்துவிடும்.