சிபிடி1ஏ: கொழுப்பை எரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நொதி

சிபிடி1ஏ என்ற நொதியைப் பற்றி வாசகர்கள் எனக்கு அனுப்பிய கேள்விகளில் பாதி, "எடை குறையுமா மேடம்?" என்பதுதான். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் கீழே இருக்கிறது. மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உயிர்வேதியியல் மாணவர்: மேடம், பாடத்தில் சிபிடி1 பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அது என்ன செய்கிறது?

கார்னிடைன் பால்மிட்டாயில் டிரான்ஸ்ஃபரேஸ் 1 என்பதன் சுருக்கம்தான் அது, தம்பி. மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் தனித்தனி மரபணு. கல்லீரலுக்கு முக்கியமானது 1ஏ, அதன் மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. தசைக்கும் இதயத்துக்கும் 1பி, மூளையில் 1சி. நீளமான கொழுப்பு அமிலம், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போனால்தான் எரியும். கோஎன்சைம் ஏ (சுருக்கமாக கோஏ) என்ற துணை மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் உட்சவ்வைத் தாண்ட முடியாது. வெளிச்சவ்வில் இருக்கும் சிபிடி1 அந்தக் கோஎன்சைமைக் கழற்றிவிட்டுக் கார்னிடைன் என்ற சுமக்கும் மூலக்கூறை மாட்டிவிடும். உள்ளே போனதும் சிபிடி2 அதைப் பழையபடி மாற்றிவிடும். எவ்வளவு கொழுப்பு எரியும் என்பது பெரும்பாலும் இந்த முதல் படியில் தீர்மானமாகிறது. ஒரே வரியோடு விடக்கூடிய விஷயம் இல்லை.

அதே மாணவர்: அப்படியானால் இந்த நொதியை அடக்குவது எது?

மலோனைல் கோஏ. டெனிஸ் மெக்கேரியும் டேனியல் ஃபாஸ்டரும் 1977இல் அமெரிக்காவின் டல்லாஸில் இதைக் கண்டறிந்தார்கள். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும். அசெட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு மலோனைல் கோஏயைத் தயாரிக்கும். புதுக் கொழுப்பு உருவாவதற்கு மூலப்பொருள் அது. அதே மூலக்கூறு சிபிடி1இன் மேல் ஒட்டி அதை முடக்கியும் விடுகிறது. ஆக, கொழுப்பு சேர்க்கும் வேளையில் எரிப்பு நின்றுவிடும். பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கி, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் ஏறும், மலோனைல் கோஏ குறையும், நொதி விடுபடும். கல்லீரல் கொழுப்பை எரித்து, மாற்று எரிபொருளான கீட்டோனைத் தயாரித்து மூளைக்கு அனுப்பும். சேர்ப்பதும் எரிப்பதும் ஒரே நேரத்தில் நடந்து ஆற்றல் வீணாகாமல் இருக்க ஒரே ஒரு மூலக்கூறு போதுமானதாக இருக்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

ஜிம் போகும் ஒருவர்: எல்-கார்னிடைன் பவுடர் கொழுப்பைக் கரைக்கும் என்கிறார்களே?

எடை பற்றிக் கேட்ட எல்லாருக்கும் இதுதான் பதில். நன்றாகச் சாப்பிட்டு இன்சுலின் ஏறியிருக்கும்போது நொதியே முடங்கிக் கிடக்கிறது. கார்னிடைனைக் கொட்டினால் மட்டும் அது வேலை செய்யாது. உடம்பே லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களிலிருந்து தேவையான கார்னிடைனைத் தயாரித்துக்கொள்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அதிகம் சாப்பிட்டால் உடம்பில் மீன் வாடை அடிக்கலாம். காசு உங்களுடையது.

ஒரு தாய்: எனக்கும் என் கணவருக்கும் நெருங்கிய சொந்தம், அவர் என் மாமா மகன். எங்கள் குழந்தைக்குக் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தபோது வலிப்பு வந்தது. சர்க்கரை குறைந்திருந்ததாம், கீட்டோனும் இல்லையாம். சிபிடி1ஏ குறைபாடாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அடுத்த குழந்தைக்கும் வருமா?

அம்மா, டாக்டர் சரியான திசையில்தான் பார்க்கிறார். பட்டினியில் சர்க்கரை இறங்கும்போது கீட்டோன் ஏற வேண்டும். இரண்டும் குறைவு என்றால் கொழுப்பு எரிப்பில் தடை இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த நோயில் ரத்தத்தில் இணைப்பில்லாத கார்னிடைன் கூடுதலாகவும், நீண்ட கொழுப்பு ஒட்டிய கார்னிடைன் குறைவாகவும் இருக்கும். மரபணுச் சோதனை அதை உறுதிசெய்யும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். நீங்கள் இருவருமே அதைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் வாய்ப்பு 25 சதவீதம். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் சாத்தியம் அதிகம். அதற்காக யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

முக்கியமானது ஒன்று: குழந்தையை நீண்ட நேரம் வெறும் வயிற்றில் வைக்காதீர்கள். எத்தனை மணி நேர இடைவெளி என்பதை வயதைப் பார்த்து டாக்டர் சொல்வார். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பாடு இறங்கவில்லையென்றால், சோர்வு வரும்வரை காத்திருக்காமல் குளுக்கோஸ் ஏற்றக் கொண்டுபோய்விடுங்கள். விரதம் எந்த வயதிலும் வேண்டாம்.

இன்னொருவர்: இந்தக் குறைபாட்டுக்கு எம்சிடி (நடுத்தர நீளக் கொழுப்பு) எண்ணெய் கொடுப்பார்களாமே, தேங்காய் எண்ணெய் போதாதா?

போதாது. எட்டு, பத்து கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்களுக்குத்தான் கார்னிடைன் வழி தேவையில்லை, எம்சிடி எண்ணெய் பெரும்பாலும் அவைதான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மருந்தாக அல்ல.

கனடாவில் வசிக்கும் வாசகர்: ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் இந்த மரபணுவில் ஒரு மாற்றம் பரவலாக உண்டு என்று படித்தேன். அத்தனை பேரும் நோயாளிகளா?

இல்லை. அந்த வார்த்தையை அவ்வளவு எளிதில் ஒட்டக் கூடாது. நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 479ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லூசின் வருகிறது. கனடாவின் வடக்கில் உள்ள நுனாவுட்டில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு பிரதியும் அப்படித்தான். இந்த நொதியின் மொத்த வேகம் குறைவு, ஆனால் மலோனைல் கோஏ அதை எளிதில் அடக்க முடியாது. சைபீரியாவின் வடகிழக்கிலும் இதே மாற்றம் இயற்கைத் தேர்வால் பரவியது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. சீல், திமிங்கிலம், மீன் என்று மாவுச்சத்தே அரிதான, கொழுப்பு மிகுந்த உணவில் இது கைகொடுத்திருக்கலாம் என்பது ஊகம். மறுபக்கம், கைக்குழந்தைகளுக்குப் பட்டினியின்போது சர்க்கரை இறங்கும் ஆபத்து பற்றிய விவாதமும் நடக்கிறது. அங்கே பிறக்கும் குழந்தைக்கு நேரத்துக்குப் பால் கொடுங்கள் என்பதே நடைமுறை அறிவுரை.

கடைசியாக ஒரு மருந்தியல் மாணவி: இந்த நொதியைத் தடுத்து மருந்து செய்ய முடியாதா?

முயன்றார்கள். எட்டோமாக்சிர் என்ற மருந்தை இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது, சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியதால் சோதனையை நிறுத்தினார்கள். ஆய்வகங்களில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.