பழைய பாட்டுகள் ஏன் திரும்பவும் பட்டியலில் ஏறுகின்றன?

முப்பது, நாற்பது வருசத்துப் பாட்டுகள் எப்பிடித் திடீரெண்டு இந்தக் கிழமை பிரபலமான பாட்டுகளின்ர பட்டியலில முன்னுக்கு வருது எண்டு கேட்டிருக்கிறீங்கள். கிளிநொச்சியில கலியாணவீடு, கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுறதுதான் என்ர தொழில். பழைய பாட்டைச் சனம் எந்தக் காலத்திலயும் விடேல்லை. அதைக் கணக்கெடுக்கிற முறைதான் மாறியிருக்கு.

முந்திப் பட்டியல் எண்டால் முக்கியமாக் கடையில எத்தினை இசைத்தட்டு வித்தது எண்ட கணக்கு. ஒருக்கா வாங்கினவர் ஆயிரம் தரம் போட்டுக் கேட்டாலும் அது ஒண்டுதான். இப்ப இணையத்தில கேக்கிறதையும் எண்ணுகினம். பிரிட்டனில தனிப்பாடல் பட்டியலுக்கு 2014 ஆடியில இருந்து அப்பிடித்தான்.

எங்கட சனத்தை நினைச்சுப் பாருங்கோ. யுத்த காலத்தில வன்னியில கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில றேடியோ பாடும். கை நோக நோகச் சுத்திக் கேட்ட பாட்டுகள். கசெற்றும் ஒருத்தரிட்ட இருந்து இன்னொருத்தர் பதிஞ்சு எடுத்ததுதான். அந்த ரசிகர்களை எந்தப் பட்டியலும் எண்ணேல்லை. இண்டைக்கு அவையின்ர பேரப்பிள்ளையள் யூடியூப்பில அதே பாட்டைத் தட்டினால் உடன எண்ணிக்கை கூடுது.

ஆனா முதலிடம் வரைக்கும் போக, கனபேர் ஒரே நேரத்தில தேட வேணும். அதுக்கு ஒரு படமோ தொடரோ காரணமாகுது. ஆங்கிலப் பாடகி கேட் புஷ் 1985இல பாடின ‘ரன்னிங் அப் தட் ஹில்’ அப்ப பிரிட்டனில மூண்டாம் இடம். 2022 வைகாசியில ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில வந்து, ஆனியில முதலிடம். 37 வருசம் கழிச்சு! இவ்வளவுக்கும் அங்க பழைய பாட்டைக் கேட்டால் பாதி மதிப்புத்தான் குடுப்பினம், புதுசுக்கு இடம் வேணும் எண்டு. இந்தப் பாட்டுக்கு அந்த விதியைத் தளர்த்தித்தான் விட்டவை.

எங்கட பக்கம், 1991இல வந்த ‘குணா’ படத்தின்ர ‘கண்மணி அன்போடு’ 2024இல ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ எண்ட மலையாளப் படத்தால திரும்பவும் ஊரெல்லாம் கேட்டுது. படம் வந்த பிறகு, அந்தப் பாட்டுக்கு முன்னம் காது குடுக்காத பெடியள் கலியாணவீட்டில வந்து கேட்டுப் போடுவிச்சவங்கள். ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கு: அந்தத் தொடரிலயும் இந்த மலையாளப் படத்திலயும் ஒரு உயிர் தப்பிற இடத்தில பாட்டு வருது. பாட்டில்லாமல் அந்தக் காட்சி நிக்காது. சும்மா பின்னணியில ஓடுற பாட்டை ஆரும் வீட்டை போய்த் தேடுறேல்லை.

நத்தார்ப் பாட்டுகள் வேற வகை, அதுகள் வருசா வருசம் மார்கழியில ஏறும். அமெரிக்கப் பாடகி மரியா கேரியின்ர 1994ஆம் ஆண்டு நத்தார்ப் பாட்டு அமெரிக்காவில முதலிடம் பிடிச்சது 2019இல.

‘இப்பத்தைய பாட்டுகள் சரியில்லை, அதுதான் பழசு ஏறுது’ எண்டு சொல்லுறதை நான் ஏற்க மாட்டன். பதினைஞ்சு வயசுப் பிள்ளைக்கு ‘குணா’ பாட்டும் புதுப்பாட்டுத்தான். அதையும் அனிருத்தையும் ஒரே மூச்சில கேக்குதுகள், ரெண்டையும் மனசாரக் கேக்குதுகள்.

எனக்கிருக்கிற கவலை வேற. இணையத்தில ஏறாத பாட்டு எந்தப் பட்டியலுக்கும் திரும்பி வராது. ஈழத்துப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின்ர ‘சின்ன மாமியே’யை ஆர் வேணுமெண்டாலும் இண்டைக்கும் தேடி எடுக்கலாம். ஆனா வானொலிக்குப் பாடின எத்தினையோ ஈழத்துக் குரல்கள், கோயில் மேடையில பதிஞ்ச கசெற்றுகள், இடம்பெயரேக்க வீட்டோட விட்டிட்டு வந்ததுகள் போனது போனதுதான். உங்கட வீட்டில ஒரு கசெற்றாவது மிச்சமிருந்தால், நாடா ஒட்டிப் பிடிக்க முன்னம் கணினியில ஏத்தி, பாடினவையின்ர பேரையும் போட்டு இணையத்தில விடுங்கோ.