ஃபிரிட்ஜைத்தான் சொன்னேன், அத்தை கிளம்பிட்டாங்க!

பெரம்பூர்லேருந்து ஒரு வாசகி. ஃப்ரெண்டுகிட்ட போன்ல "வயசாயிடுச்சுடி, ராத்திரி பூரா உர்ர்னு சத்தம், தூங்கவே முடியல, செலவு வேற ஏறுது, இந்த ஆடியில எப்படியாவது தள்ளி விட்டுடணும்"னு பழைய ஃபிரிட்ஜைப் பத்திப் பேசினாங்களாம். அது மாமியார் காதுல விழுந்திருக்கு (அவங்க குறட்டை விடுவாங்களாம், கேக்கணுமா!), மறுநாளே பையைத் தூக்கிட்டு தாம்பரத்துல பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்க. ஃபிரிட்ஜ்னு சொல்லியும் நம்பலையாம், எப்படி நம்ப வைக்கிறதுன்னு கேக்குறாங்க.

சிரிச்சுட்டேன்மா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாதிப் பேச்சைக் கேட்டு முழுச் சண்டை போட்ட வீடுங்க எனக்கு நிறைய லெட்டர் போட்டிருக்கு, அதனால "போகப் போக சரியாயிடும்"னு எங்கிட்ட எதிர்பார்க்காதே. நடுவுல போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கே பாரு, "அத்தை எப்பவும் தட்டை எடுத்துட்டுப் போய் ரூம்லதான் சாப்பிடுவாங்க, அதான் கதவு வழியா கேட்டிருக்கு"ன்னு. எப்பவுமா? எப்பலேருந்து? அவங்களே போனாங்களா, இல்ல நீங்க ரெண்டு பேரும் டிவி முன்னாடி செல்போனோட உட்கார்ந்ததைப் பார்த்துட்டுப் போனாங்களா? தினம் தனியா சாப்பிடுற மனுஷிக்கு "தள்ளி விட்டுடணும்"னு காதுல விழுந்தா வேற யார் ஞாபகம் வரும், ஃபிரிட்ஜா வரும்? நீ தப்பா ஒண்ணும் பேசல, ஒத்துக்கிறேன், ஆனா அவங்க அதை உடனே நம்பினாங்க பாரு, அதுக்கு நீயும் உன் வீட்டுக்காரரும்தான் பதில் சொல்லணும், அவர்தான் முதல்ல. பெத்த அம்மா எங்க உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு பார்க்கிறது பையன் வேலை, அதையும் மருமக தலையில கட்டுறது எனக்குப் பிடிக்காது.

ஃபிரிட்ஜ் விஷயம் சின்னது. கதவு ரப்பர் போயிருந்தா கம்ப்ரஸர் ஓயாம ஓடும், சத்தமும் வரும், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டிட்டா கரண்ட் ரேட்டே மாறிடும், முதல்ல மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டு.

போன்ல விளக்கம் சொல்லிட்டிருக்காதே. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா சென்ட்ரல்ல இறங்கி பார்க்ல ட்ரெயின் மாறி தாம்பரம் போங்க. ஃபிரிட்ஜ் பேச்சையே எடுக்க வேணாம், மத்தியானம் அவங்க பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க. அன்னிக்கே கூட வரமாட்டாங்க, நாத்தனாரும் நாலு வார்த்தை சொல்லுவாங்க, வாங்கிக்க. அடுத்த ஞாயிறும் போங்க.