நாலு மா நிலமும் ஒரு கட்டி காதி சோப்பும்

மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, ப்ளஸ் டூ படிக்கும் மகள்; கூடவே, மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசிய தாய்மாமன். சென்னையில் கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் சீட். அதற்கு நாலு மா நஞ்சையை அடகு வைப்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். முதல் பத்து நிமிடம் நானும் "பார்த்துக்கலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு என்ன பிடிக்கும் என்று பாப்பாவிடம் கேட்டேன். "வேப்பெண்ணெய் அடிக்கிறப்ப அப்பா காதி சோப்பு கரைச்சு ஊத்துவாரு. ஏன்னு கெமிஸ்ட்ரி மிஸ்கிட்ட கேட்டேன், அதுலேர்ந்து கெமிஸ்ட்ரிதான் சார் பிடிக்கும்" என்றாள். மாமா சிரித்தார்.

சிரிக்காதீர்கள் ஐயா, அந்தக் கேள்விக்குள் ஒரு தொழிலே இருக்கிறது. சோப்பு மூலக்கூறின் தலை தண்ணீரைப் பிடிக்கும், வால் எண்ணெயைப் பிடிக்கும். அதனால்தான் எண்ணெய் கலக்கிறது, நெல் இலையில் உருண்டோடும் மருந்து படிகிறது. ஆனால் சின்ன மூலக்கூறு. தோலுக்குள் புகுந்து எரிச்சல் தரும். இதே இரட்டைக் குணத்தை, சின்ன மூலக்கூறுகளைக் கோத்த நீளமான பாலிமர் சங்கிலியில் அமைத்தால் தோலுக்குள் எளிதில் புகாது, பல வகைகளில் மிகக் குறைந்த அளவே போதும். பொலாக்சமர் என்று ஒன்று, நடுவில் எண்ணெய்ப் பகுதி, இரண்டு முனையிலும் தண்ணீர்ப் பகுதி, மருந்துகளில் சேர்க்கிறார்கள். அதில் 407 என்ற வகையைக் கெட்டியாகக் கரைத்து வைத்தால் குளிரில் நீர், உடல் சூட்டில் கூழ்! மாவுச்சத்திலேயே எண்ணெய் பிடிக்கும் வாலை ஒட்டி உணவுப் பொருளில் கலக்கிறார்கள். மாவுச்சத்துக்கு நெல் விளையும் ஊரில் பஞ்சமா? எல்லாப் பாலிமரும் மண்ணில் மட்கிவிடாது என்பதும் உண்மை. அதைச் சரிசெய்யத்தான் ஆள் வேண்டும்.

திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியல், சேர்க்கை சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக. இப்போதே தயாராகட்டும். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொற்பம், அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறினால், ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

அடகு மட்டும் வேண்டாம். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்கு நீங்கள் வட்டி கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அடுத்த முறை வரும்போது மாமாவை வீட்டில் விட்டுவிட்டு, பாப்பாவின் கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்து வாருங்கள்.