மானியம் நின்றால் தம்பிக்கு வேலை இருக்குமா?

அன்புள்ள ஐயா,

என் தம்பி ஏப்ரலில் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் சேர்ந்தான். சம்பளம் 14,000. புதிதாக ஆள் எடுத்தால் அரசாங்கம் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் இரண்டு வருடம் தருகிறதாம். அது நின்றதும் அனுப்பிவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். தம்பி பர்மனென்ட் ஆவானா?

ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

அண்ணன் கணக்கில் இரண்டு திருத்தம். நீங்கள் சொல்வது மத்திய அரசின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. அதில் 3,000 என்பது 20,000-க்கு மேல் சம்பளம் உள்ளவருக்கு. உங்கள் தம்பிக்கு 2,000தான். காலமும் உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம்.

14,000-க்கு முதலாளி கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,680 ரூபாய். மானியத்தில் அது போக 320 மிச்சம். சம்பளம் முழுக்க அவர் பணம். இதற்காக யாரும் தேவையில்லாத ஆளை எடுக்க மாட்டார்கள். எப்படியும் எடுக்க இருந்தவரைக் கொஞ்சம் முன்னாடி எடுப்பார்கள், பி.எஃப். இல்லாமல் வைத்திருந்தவரைப் பதிவில் ஏற்றுவார்கள். பத்து வருடம் அடுப்புக்கு விறகு போட்டவரும் ஏட்டில் ‘முதல் வேலை’க்காரர் ஆகிவிடுவார். வேடிக்கைதான், ஆனாலும் அவருக்குப் பென்ஷன் கணக்கு தொடங்குகிறதே, எனக்கு வருத்தமில்லை.

இத்தாலியில் 2015-ல் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்தால் மூன்று வருடம் சமூகப் பாதுகாப்புச் சந்தாவில் விலக்கு தந்தார்கள், ஆண்டுக்கு 8,060 யூரோ வரை. டிசம்பரில் ஆள் சேர்ப்பு எகிறியது. அடுத்த ஆண்டு சலுகையைக் குறைத்ததும் சரிந்தது. அங்கே நிரந்தரம் என்பதே நிபந்தனை. நம் திட்டம் கேட்பது ஆறு மாதம் நீடித்த வேலையும் ஆள் எண்ணிக்கை உயர்வும்தான்.

அந்த ஆறு மாதத்தை நம் மலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அது செப்டம்பரோடு முடிகிறது. அப்புறம் பனி விழும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை இலை வரத்து குறையும், ஷிஃப்ட் குறையும். தம்பிக்குச் சோதனை அப்போதுதான், நான்கு வருடம் கழித்து அல்ல.

பர்மனென்ட் ஆக்குவது வேறு சட்டம். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது 1981-ல் தமிழ்நாடு போட்டது. பருவகால நிறுவனங்களுக்கும் சின்ன இடங்களுக்கும் பொருந்தாது. பொருந்தும் இடத்திலும் 480 நாள் சேராதபடி நடுவில் ‘பிரேக்’ கொடுப்பார்கள், கான்ட்ராக்டர் பெயருக்கு மாற்றுவார்கள்.

தம்பியை மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுவது ஃபேக்டரி பெயரிலா, கான்ட்ராக்டர் பெயரிலா, இடையில் மாதம் விட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். வருகைச் சீட்டையும் தூக்கிப்போட வேண்டாம்.