தீவனம் நறுக்கும் மெஷின்: எங்கே செலவைக் குறைக்கலாம், எங்கே கூடாது? (கேள்வி பதில்)

நாலைந்து மாடு வைத்திருப்பவர்களுக்குத் தட்டை நறுக்கும் மெஷின் செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். மெஷினின் அமைப்பு, கத்தி, மோட்டார், பாதுகாப்பு பற்றிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாட்டு வைத்தியம் என் வேலை இல்லை, அதை டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து கறவை மாடு இருக்கிறது. வெல்டிங் தெரியும். மெஷினை நானே செய்ய நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாட்டின் வாயிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் என்றால் ஐந்துக்கும் சேர்த்து 150 கிலோவுக்குள். மணிக்கு 300 கிலோ வெட்டும் மெஷின் போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பலர் மணிக்கு ஆயிரம் கிலோ வெட்டும் மெஷினைப் பார்த்துவிட்டு அதையே சிறிதாக்கப் பார்க்கிறார்கள். செலவு அங்கேயே ஏறிவிடுகிறது.

அடுத்து துண்டின் நீளம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு நிமிடத்தில் உருளை எவ்வளவு தீவனத்தை உள்ளே தள்ளுகிறதோ, அதை அந்த நிமிடத்தில் விழும் வெட்டுகளால் வகுத்தால் துண்டின் நீளம். உருளை 10 செ.மீ. விட்டம், நிமிடத்துக்கு 40 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 1256 செ.மீ. தீவனம் உள்ளே போகும். சக்கரத்தில் இரண்டு கத்தி, 300 சுற்று என்றால் 600 வெட்டு. வகுத்தால் 2.1 செ.மீ. பசுந்தீவனத்துக்கு 2 முதல் 3 செ.மீ. நல்ல அளவு. மூன்றாவது கத்தி போட்டால் 1.4 செ.மீ. ஆகிவிடும். ஆக, கத்தியின் எண்ணிக்கை, சக்கரத்தின் வேகம், உருளையின் வேகம் மூன்றையும் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் இரும்பை வெட்ட வேண்டும்.

சட்டத்துக்குப் பழைய ஆங்கிள், சக்கரத்துக்குப் பழைய இரும்புத் தகடு, உருளையை ஓட்ட பழைய பைக்கின் செயினும் பல்சக்கரமும் போடலாம். அங்கெல்லாம் தாராளமாகச் செலவைக் குறையுங்கள். கைக்கும் கத்திக்கும் நடுவில் இருக்கும் எதிலும் குறைக்காதீர்கள். தீவனம் வைக்கும் தொட்டி 90 செ.மீ. நீளமாவது இருக்கட்டும். அதில் உருளையை ஒட்டிய 45 செ.மீ. மேலே மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்?

மேலே சொன்ன அளவு மெஷினுக்கு சிங்கிள் பேஸ் 2 எச்.பி. மோட்டார் 1440 சுற்று, சக்கரம் 300 சுற்று. மோட்டாரில் 3 அங்குல புல்லி என்றால் சக்கரத்தில் ஏறக்குறைய பதினாலரை அங்குலம். மோட்டார் புல்லியை 3 அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், பெல்ட் வழுக்கிச் சீக்கிரம் கிழியும்.

கேள்வி: 2 எச்.பி. மோட்டார்தான். மாலையில் போட்டால் உறுமுகிறது, சுற்றுவதில்லை. மெக்கானிக் 3 எச்.பி. மாற்றச் சொல்கிறார். மீட்டரிலிருந்து கொட்டகைக்கு 50 மீட்டர்.

மோட்டாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள். 2 எச்.பி. ஓடும்போது 10 ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் ஐந்து மடங்கு. உங்கள் வயர் 1.5 சதுர மி.மீ. செம்பாக இருந்தால், போகவர 100 மீட்டருக்கு 1.2 ஓம் தடை. 50 ஆம்பியரில் 60 வோல்ட் வயரிலேயே போய்விடும். 230 புறப்பட்டு மோட்டாருக்கு 170தான் வரும். திருப்புவிசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறையும் என்பதால் மோட்டாருக்குப் பாதிக்குச் சற்று மேல் பலம்தான் மிஞ்சும். 3 எச்.பி. போட்டால் இன்னும் அதிகம் இழுத்து இன்னும் மோசமாகும். 4 சதுர மி.மீ. வயர் போடுங்கள், இழப்பு 23 வோல்ட் அளவுக்கு இறங்கும். கெப்பாசிட்டரையும் சோதித்துவிடுங்கள். அப்புறம், தொட்டியில் தீவனம் இருக்கும்போது சுவிட்சைப் போடாதீர்கள். வெறும் சக்கரம் முழு வேகம் பிடித்த பிறகுதான் தீவனம். கொட்டகை ஈரமான இடம், எர்த்தும், மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் கட்டாயம்.

கேள்வி: உருளை, பல்சக்கரம், கியர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். கையாலேயே வாய்க்குள் தள்ளும் மெஷின்கள் இருக்கின்றனவே, அதுபோல் செய்தால் என்ன?

செய்யாதீர்கள். அந்த மாதிரி மெஷின்களில் சக்கரம் வேகமாகச் சுற்றும். 900 சுற்று, இரண்டு கத்தி என்றால் விநாடிக்கு 30 வெட்டு. தட்டையைக் கத்தியே பிடித்து இழுக்கும். அந்தத் தட்டையின் கணுவில் உங்கள் வளையலோ சட்டைக் கையோ மாட்டினால், மூளை உணர்ந்து கையை இழுக்க 0.2 விநாடி ஆகும். அதற்குள் ஆறு வெட்டு விழுந்திருக்கும். உருளை வைத்த மெஷினில் தீவனம் விநாடிக்கு 21 செ.மீ. நகரும். மூடிய பகுதி 45 செ.மீ. இருந்தால் இரண்டு விநாடி கிடைக்கிறது. அந்த இரண்டு விநாடிக்குள், உருளையைப் பின்னோக்கிச் சுற்றவைக்கும் ரிவர்ஸ் லீவரைத் தட்டலாம். உருளைக்குக் கொடுக்கும் காசு இந்த இரண்டு விநாடிக்குத்தான்.

மறுப்பு: ஐயா, எட்டு வருடமாக உருளை இல்லாத மெஷின்தான் வைத்திருக்கிறேன், ஒரு கீறல் இல்லை. உருளை மெஷினில் ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டு உயிரை வாங்குகிறது. அதை எடுக்கக் கையை விடும்போதுதான் விபத்தே நடக்கிறது.

கடைசியாகச் சொன்னது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். வழவழப்பான உருளையில் ஈர வைக்கோல் சுற்றும், எடுக்கப் போய்க் கை மாட்டும். அதனால்தான் உருளையில் பல் வெட்டி, பின்னால் சீப்பு மாதிரி ஒரு சுரண்டும் தகடு வைக்கிறோம். மேல் உருளை ஸ்பிரிங்கில் ஏறி இறங்க வேண்டும். சுற்றிக்கொண்டால் ரிவர்ஸ் போட்டு வெளியே தள்ள வேண்டும், கை உள்ளே போகவே தேவை இருக்காது.

எட்டு வருடம் கீறல் இல்லை என்பது உங்கள் கவனத்துக்குக் கிடைத்த பலன். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அந்த மெஷினில் நிற்பது யார்? என் பட்டறைக்கு ஒரு முறை மெஷினைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள், வாய்த் தகட்டை மாற்றித் தரச் சொல்லி. தகட்டின் ஓரத்தில் ஒரு கண்ணாடி வளையல் துண்டு பச்சைத் தட்டையோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு மூன்று விரல் போயிருந்தது. அவரும் ஏழெட்டு வருடமாக வெட்டிக்கொண்டிருந்தவர்தான்.

இன்னொருவர்: இருவருமே சொல்வது சரி. உருளை வேண்டாம், தொட்டியை மட்டும் ஒரு மீட்டராக நீட்டிவிட்டால்?

ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் கடைசிப் பிடித் தீவனத்தைத் தள்ள ஆள் கையை நீட்டுவார், அங்கேதான் பிரச்சினை. அப்படித்தான் செய்வேன் என்றால் ஒரு மரத் தள்ளுகட்டையைச் சங்கிலி போட்டு மெஷினோடு கட்டிவிடுங்கள். செலவு குறைய வேண்டுமா? ஒரு மெஷினை நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு அரை மணி நேர வேலை, காலையிலேயே நாலு வீட்டுக்கும் முடிந்துவிடும். உருளையைக் கழற்றுவதைவிட இதில் மிச்சம் அதிகம்.

கேள்வி: பழைய கைச்சக்கர மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. மோட்டார் மாட்டலாமா?

மாட்டலாம். ஆனால் அது வேறு மெஷின் ஆகிவிடும் என்பது மனதில் இருக்கட்டும். கையால் சுற்றும்போது நிமிடத்துக்கு 40 சுற்று. மோட்டாரில் 300. வேகம் ஏழரை மடங்கு, சக்கரத்தில் தேங்கும் ஆற்றல் ஐம்பத்தாறு மடங்கு. ஒரு மீட்டர் விட்டம், விளிம்பில் 40 கிலோ என்றால் கையால் சுற்றும்போது 90 ஜூல் கூட இல்லை, மோட்டாரில் ஏறக்குறைய 4900 ஜூல். சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் வெட்டிக்கொண்டே இருப்பதற்கு அதுதான் காரணம். அதனால் சுவிட்சை மட்டும் நம்பாமல் உருளையைத் தனியாக நிறுத்தும் கிளட்சும் ரிவர்ஸும் வையுங்கள்.

வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு வேகம் விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. ஒரு மீட்டர் சக்கரம் 300 சுற்றில் 16 மீட்டர்கூட வராது. சக்கரத்தில் சின்ன புல்லி மாட்டி 600 ஆக்கினால் எல்லையைத் தாண்டிவிடும். முதலில் சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி மாதிரி ஒலித்தால் நல்லது, செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல். அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஆரங்களைச் சுற்றித் தகடு மூடுங்கள். மெஷின் ஓடாத நேரத்தில் சக்கரத்தைப் பூட்ட ஒரு முளையும் பூட்டும் வேண்டும், பிள்ளைகள் சுற்றி விளையாடுவார்கள்.

கேள்வி: எட்டு மாட்டுக்கு எத்தனை எச்.பி.?

2 எச்.பி.யே போதும், கூடுதலாக இருபது நிமிடம் ஓட்டுங்கள்.

கேள்வி: லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கலாமா?

அடிக்கலாம், நல்ல எஃகு. ஆனால் பட்டை வளைந்து கொடுப்பதற்காகப் பதப்படுத்தப்பட்டது, கூர் தாங்காது. மறுபடி பதம் ஏற்ற வேண்டும். உலையில் காய்ச்சும்போது ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டாமல் போகும் இடம் ஏறக்குறைய 770 டிகிரி. இன்னும் கொஞ்சம் சிவக்க விட்டு எண்ணெயில் இறக்குங்கள். தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். பிறகு 250, 300 டிகிரிக்குக் காய்ச்சி ஆறவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் கத்தி கண்ணாடிபோல் உடையும், ஓடும் சக்கரத்தில் உடைந்த கத்தி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கத்தியைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு லாக் நட் போடுங்கள். கழன்ற நட்டு தீவனத்தோடு மாட்டு வயிற்றுக்குப் போய்விடும். கூரான கம்பித் துண்டு இரைப்பையைக் குத்தி இதயம்வரை போவதும் உண்டு. வெட்டிய தீவனம் விழும் சரிவில் ஒரு பெரிய காந்தம் ஒட்டுங்கள்.

கேள்வி: பொடியாக வெட்ட ஆரம்பித்த பிறகு பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது. மெஷின்தான் காரணமா?

இருக்கலாம். தீவனம் ரொம்பப் பொடியானால் மாடு அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், வயிற்றில் அமிலம் ஏறும், கொழுப்பு இறங்கும். துண்டு நீளமாகக் கத்தியைக் கழற்றுவதானால், மிச்சக் கத்திகள் எதிரெதிராக எடை சமமாக இருக்கும்படி கழற்றுங்கள். மற்றபடி டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: 1 எச்.பி. போதாதா? / மூன்று மாட்டுக்கு எத்தனை எச்.பி.? / 5 எச்.பி. போட்டால் சீக்கிரம் முடியுமா?

மூவருக்கும் ஒரே பதில். மேலே 2 எச்.பி. பற்றி இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு எச்.பி. ஏற்றுபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். உருளையைக் கழற்றலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது.

கேள்வி: கத்தி மழுங்கியது எப்படித் தெரியும்? நானும் என் மாமியாரும்தான் வெட்டுகிறோம். தொட்டி உயரமாக இருப்பதால் தோள் வலிக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. சக்கரத்தைக் கட்டையால் மெதுவாகத் தள்ளி, கத்தி வாய்த் தகட்டைக் கடக்கும் இடத்தில் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டுங்கள். விரல் தள்ளியே இருக்கட்டும். கத்தியின் முழு நீளத்திலும் தாள் கத்தரித்ததுபோல் அறுந்தால் சரி. ஓரிடத்தில் மடிந்து உள்ளே போனால் அங்கே இடைவெளி அதிகம், அல்லது கூர் போயிருக்கிறது. இடைவெளி அஞ்சலட்டையின் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. சாணை பிடிக்கும்போது ஓரம் நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள், நீலம் பாய்ந்த இடம் சீக்கிரம் மழுங்கும்.

உயரத்துக்கு, இருவரில் குள்ளமானவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 செ.மீ. கழித்த இடத்தில் தொட்டியின் அடித்தகடு வர வேண்டும். மெஷினின் கால்களை அறுக்காதீர்கள், சக்கரம் தரையில் தட்டும். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு மேடை போடுங்கள், சாணியில் வழுக்காத சொரசொரப்பான மேடையாக.